முப்பது மணி நேரச் சான்றிதழ்கள்: எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் கலை அறிவியல் கல்லூரி நடத்துகிற தாளாளர்கள், முதல்வர்கள், துறைத் தலைவர்கள் எல்லோருக்கும். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டம் வகுக்கிற பேராசிரியர்களுக்கும்:

வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு காட்பாடி ரோட்டில் கல்லூரி ஃபிளக்ஸ்கள் எழும்பிவிடுகின்றன. முன்பெல்லாம் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று பட்டங்களின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். இப்போது பட்டம் ஓரமாகப் போய், கூடவே தருகிற சான்றிதழ் படிப்புகள் நடுவுக்கு வந்துவிட்டன. மெடிக்கல் கோடிங், மியூசிக், சோஷியல் மீடியா. பக்கத்திலேயே கழுத்தில் ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண்ணின் சிரித்த முகம். வேலை உறுதி என்று ஒரு வரி.

இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று நான் எழுத வரவில்லை. மூன்றுமே பிழைக்க வழி காட்டுகிற நல்ல தொழில்கள். ஆனால் பல இடங்களில் இப்போது நடப்பது வேறு. வெளி ஏஜென்ஸியிலிருந்து ஒருவர் வருகிறார், முப்பது மணி நேரம் ஸ்லைடு ஓட்டுகிறார், போய்விடுகிறார். பிள்ளைகள் கையில் தங்க நிற ஓரம் போட்ட ஒரு தாள் மிஞ்சுகிறது. தொழிலைத் தொழிலாகச் சொல்லிக்கொடுங்கள். முடியாது என்றால் வேலை என்கிற வார்த்தையை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

நான் குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரன். மெடிக்கல் கோடிங்கில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. சென்னையில் கோடராகச் சேர்ந்தவன், இப்போது காட்பாடியில் வீட்டிலிருந்தபடியே ஆடிட்டர் வேலை பார்க்கிறேன். மற்ற கோடர்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்ப்பது ஆடிட்டர் வேலை. புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு டெக்னிக்கல் ரவுண்டு எடுப்பதும் அதில் சேர்த்தி. அந்த ரவுண்டில் நம் பக்கத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து விழிப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, நோய்க்கு ஒரு குறியீடு, செய்த வைத்தியத்துக்கு ஒரு குறியீடு என்று போட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அப்போதுதான் பணம் வரும். நோய்க்கு ஐசிடி-10-சிஎம். வைத்தியத்துக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி. ஊசி மருந்து, சக்கர நாற்காலி மாதிரியான சமாச்சாரங்களுக்கு ஹிக்பிக்ஸ். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா ஐசிடி-9ஐ விட்டு 10க்கு மாறியபோது நோய்க் குறியீடுகள் சுமார் 14,000 என்பதிலிருந்து சுமார் 70,000 ஆயின. வாத்து மோதி அடிபட்டவருக்குக்கூட அதில் தனிக் குறியீடு இருக்கிறது, கிண்டல் இல்லை. அந்த வேலையில் நிறைய சென்னை, ஹைதராபாத், பெங்களூரு என்று இங்கே வந்தது. நம் பிள்ளைகளுக்கு நைட் ஷிஃப்ட் இல்லாமல் கிடைக்கிற நல்ல வேலைகளில் இதுவும் ஒன்று. உண்மைதான்.

உங்கள் முப்பது மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சார்ட்டை, அதாவது டாக்டர் எழுதிய நோயாளிக் குறிப்பை, காட்டுகிறேன். டெக்னிக்கல் ரவுண்டில் நான் வழக்கமாகக் கேட்பது இதைத்தான். நோயாளிக்கு 62 வயது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், பிபி, நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு மூன்றாம் நிலை, பல வருஷமாக இன்சுலின். டாக்டர் எழுதியது அவ்வளவுதான், நாலு வரி.

சான்றிதழோடு வந்த பிள்ளை தயங்காமல் எழுதுகிறது: சர்க்கரைக்கு இ-11.9, பிபிக்கு ஐ-10, சிறுநீரகத்துக்கு என்-18.9. மூன்றும் தப்பு. ஏன் தப்பு என்பதில்தான் இந்தத் தொழிலே இருக்கிறது. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் ஒரே ஆளுக்கு இருந்தால், இரண்டுக்கும் தொடர்பில்லை என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய, தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐசிடி விதி. ஆகவே இ-11.22. பிபிக்கும் அதே விதி. ஆகவே ஐ-10 கிடையாது, ஐ-12.9. மூன்றாம் நிலை என்று டாக்டர் எழுதிய பிறகு 'நிலை தெரியவில்லை' என்கிற என்-18.9ஐப் போட முடியாது. என்-18.3 என்று போட்டால்கூடச் செல்லாது. 2020 அக்டோபரில் அதை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். இந்த நோயாளிக்கு என்-18.30. இன்சுலினுக்குத் தனியாக இசட்-79.4. அதை அந்தப் பிள்ளை எழுதவே இல்லை.

இந்தப் பிள்ளைக்குப் புத்தி இல்லை என்று சொல்ல மாட்டேன். வகுப்பில் அதற்குக் கொடுத்தது நூறு இருநூறு குறியீடு உள்ள ஒரு பட்டியல். மனப்பாடம் பண்ணு என்றார்கள், பண்ணியது. ஆனால் இந்தத் தொழிலில் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை. ஏஏபிசி என்கிற அமெரிக்க அமைப்பு கோடர்களுக்கு நடத்துகிற சிபிசி தகுதித் தேர்வுக்குக் குறியீட்டுப் புத்தகங்களைக் கையோடு கொண்டுபோகலாம். நான்கு மணி நேரம், 100 கேள்வி, 70 சதவீதம் எடுத்தால் பாஸ். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பலர் தோற்கிறார்கள். புத்தகத்தில் எங்கே தேட வேண்டும், தேடியதை எந்த விதிப்படி விலக்க வேண்டும் என்பதுதான் அங்கே சோதனை. அதற்கு முன்னால் உடற்கூறு தெரிய வேண்டும். குடலை வெட்டி எடுத்தார்களா, வயிற்றில் வாசல் வைத்து வெளியே விட்டார்களா என்பது அறுவைக் குறிப்பைப் படித்தால் புரிய வேண்டும். விலங்கியல், நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், நர்சிங், பார்மசி படித்தவர்களைக் கம்பெனிகள் முதலில் கூப்பிடுவது இதனால்தான். பி.காம். பிள்ளைகளாலும் முடியும், நான் பார்த்திருக்கிறேன், ஆனால் உடற்கூறுக்கு மட்டுமே அவர்களுக்கு ஒரு செமஸ்டர் தேவைப்படும். ஒரே ஹாலில் தமிழ் இலக்கியம், பி.காம்., விலங்கியல் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஸ்லைடு ஓட்டினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

புத்தகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐசிடி ஒவ்வொரு அக்டோபர் 1ஆம் தேதியும் திருத்தப்படுகிறது, சிபிடி ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும். ஒரு கல்லூரி நூலகத்தில் பெருமையாக எடுத்துக் காட்டினார்கள்: கண்ணாடி அலமாரியில் ஐந்தாறு வருஷப் பழைய பதிப்பு, உறைகூடப் பிரிக்கவில்லை. அந்த அலமாரிக்குப் பூட்டு வேறு.

அப்புறம் பணம். எங்கள் தெருவில் ஒரு பெண், அப்பா பீடி கம்பெனியில் வேலை. தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. மெடிக்கல் கோடிங்குக்கு என்று ஆறாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ரசீதில் 'இதர கட்டணம்' என்று போட்டிருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆக, ஆறு மாதப் பணம் அப்படியே அங்கே போனது. சான்றிதழைக் கொண்டுவந்து காட்டிவிட்டு என்னிடம் கேட்டது: "அண்ணா, கம்பெனில சிபிசி பாஸ் பண்ணியான்னு கேக்கறாங்க. அப்போ இது என்ன?" நான் என்ன சொல்ல? சிபிசிக்குக் கட்டணம் டாலரில், புத்தகங்களுக்குத் தனிச் செலவு, பாஸ் செய்தாலும் முதலில் சிபிசி-ஏ, அதாவது பயிலுநர், என்றுதான் பட்டம் வரும், அனுபவம் காட்டினால்தான் அந்த 'ஏ' விலகும் என்று விளக்கினேன். இதில் ஒரு வரியைக்கூட அந்த ஏஜென்ஸிக்காரர் வகுப்பில் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் யார் ஆறாயிரம் கட்டப் போகிறார்கள்?

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடுகிற நாக் குழு வரும்போது காட்ட மதிப்புக் கூட்டுப் படிப்புகள் வேண்டும், அவை முப்பது மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்கிற கணக்கு எனக்கும் தெரியும். அந்தக் கணக்குக்காகவே முப்பதை எல்லையாக வைத்து நிறுத்திவிடுகிறீர்கள். குறைந்தது முப்பது என்றால் அதிகபட்சமும் முப்பது என்று யார் சொன்னது?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே, ஸ்கேன் மாதிரி ஒரே வார்ப்பில் வரும் எளிய சார்ட்டுகளை மென்பொருளே கோட் செய்ய ஆரம்பித்துவிட்டது. முன்பு புதுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் கொடுப்போம், அதில் கை பழகும். அந்தப் படி தேய்ந்துகொண்டு வருகிறது. மிஞ்சப் போவது, மென்பொருள் போட்டதை ஏன் தப்பு என்று சொல்லத் தெரிந்தவருக்கான வேலை; இன்சூரன்ஸ் நிராகரித்த பில்லை எடுத்து, எந்த விதிப்படி அது செல்லும் என்று வாதாடத் தெரிந்தவருக்கான வேலை. பட்டியலை ஒப்பிக்கிற பிள்ளைக்கு இதில் எதுவும் கிடைக்காது. இன்று சேரும் மாணவி மூன்று வருஷம் கழித்துத்தான் வேலை தேடப் போகிறாள் என்பதை நினைத்துப் பாடத்தை வையுங்கள்.

அமெரிக்காவை விட்டு உள்ளூருக்கு வாருங்கள். இந்த மாவட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் பாதி வைத்தியத்துக்கு வருகிற கூட்டம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி ஆஸ்பத்திரி இன்று காந்தி ரோடு முழுக்க வங்காளி எழுத்தில் போர்டு வைக்க வைத்திருக்கிறது. ராணிப்பேட்டை வளாகமும் வந்துவிட்டது. சுற்றிலும் எத்தனையோ சின்ன, நடுத்தர ஆஸ்பத்திரிகள். அங்கெல்லாம் இன்சூரன்ஸ் டெஸ்க் என்று ஒரு மேஜை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 2018இல் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்த பிறகு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு. சிகிச்சைக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், எந்தச் சிகிச்சைத் தொகுப்பு என்று தேர்ந்தெடுக்க வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி சரியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கோப்பு திரும்பி வரும். ஒடுகத்தூரிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு எந்தத் தாள் இல்லை என்று தமிழில் பொறுமையாகச் சொல்ல அந்த மேஜையில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்திலேயே மேற்கு வங்கத்து அசன்சோலிலிருந்து வந்தவருக்கு இந்தியில் சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. இதற்குச் சென்னை போக வேண்டியதில்லை, டாலர் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எந்தச் சான்றிதழ் படிப்பிலும் இது பாடமாக வந்து நான் பார்க்கவில்லை.

இறப்புச் சான்று விஷயமும் அப்படித்தான். ஐசிடி என்பது அமெரிக்க பில்லுக்காகப் பிறந்தது அல்ல. 1893இல் பெர்த்திலோன் என்கிற பிரெஞ்சுப் புள்ளியியல்காரர் சாவுக்கான காரணங்களைப் பட்டியல் போட்டதில் தொடங்கியது. நம் ஆஸ்பத்திரிகளில் ஒருவர் இறந்தால் டாக்டர் நிரப்புகிற படிவம் 4இல் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், அடிப்படைக் காரணம் என்று வரிசையாக எழுத வேண்டும். அதை ஐசிடிப்படி வகைப்படுத்துகிறார்கள். 'இதயம் நின்றுவிட்டது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டால் அடிப்படைக் காரணம் காணாமல் போய்விடும். இதைப் படிக்கிற ஒரு மாணவிக்குத் தன் மாவட்டத்தில் ஜனங்கள் எதனால் சாகிறார்கள் என்பதும் புரியும். புள்ளியியல் துறையும் விலங்கியல் துறையும் சேர்ந்து நடத்தலாம். நடத்துங்களேன்.

இசைக்கு வருகிறேன். இதில் நான் தொழில்காரன் இல்லை, ஆனால் என் தாய்மாமன் கூத்துக்கு மிருதங்கம் வாசித்தவர், அதனால் கொஞ்சம் சூடு உண்டு.

உங்கள் மியூசிக் சான்றிதழ் என்றால் கீபோர்டு, மிஞ்சினால் கிட்டார். ஏழெட்டு கீபோர்டுக்கு நாற்பது பேர். ஆண்டு விழாவில் இரண்டு சினிமாப் பாட்டு, அதை மொபைலில் எடுத்துக் கல்லூரிப் பக்கத்தில் போட்டாயிற்று, முடிந்தது. கீபோர்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் ஊர் தேவாலயங்களில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தே கை தேர்ந்தவர்கள் நிறையப் பேர். கேட்பது என்னவென்றால், பழைய வட ஆர்க்காட்டில் உட்கார்ந்துகொண்டு இசை என்றால் இது மட்டும்தானா?

அருணகிரிநாதர் பிறந்து சந்தம் பாடிய மண் இது. வள்ளிமலையில் திருப்புகழ் பஜனை இன்றும் கேட்கிறது. குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது பம்பைக்காரர்கள் அடிக்கிற அடியைக் கேட்டவர்களுக்கு வேறு எந்த டிரம்மும் காதில் ஏறாது. செய்யாறு பக்கத்துப் புரிசை தெருக்கூத்துக்கு உலகம் முழுக்கப் பெயர். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை அங்கே. கூத்துத் தொடங்குமுன் களரி கட்டுவார்கள். மிருதங்கமும் டோலக்கும் தாளமும் ஆர்மோனியமும் முகவீணையும் ஒன்றாக எழும்பும். அந்த முகவீணை இருக்கிறதே, முழ நீளம்கூட இருக்காது, நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி. கட்டியங்காரன் ஒரு அடி பாடி நிறுத்தினால் அது அப்படியே வாங்கிக்கொண்டு போகும். உச்ச சுருதியில், விடியவிடிய. துரியோதனன் படுகளத்தில் விழுகிற காலை நேரம் வரை ஒருவரே ஊதுவார். கூத்துக் குழுக்களிடம் கேட்டுப் பாருங்கள்: வேஷக்காரர் கிடைத்துவிடுவார், முகவீணைக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். கற்றுக்கொள்ள ஆள் இல்லை, கற்றுத்தர வகுப்பு இல்லை.

தமிழ்நாட்டில் அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு என்று நான்கே ஊர்களில். நம் பக்கத்துப் பிள்ளை அரசு இசைக் கல்லூரியில் சேர வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் மூட்டை கட்ட வேண்டும். ஆகவே உங்கள் சான்றிதழ் படிப்பு சின்ன விஷயம் இல்லை. ஒழுங்காக நடத்தினால், மாவட்டத்திலேயே ஒரு பிள்ளை இசையைத் தொடுகிற முதல் இடம் அதுவாக இருக்கும். கூத்து சீசன் பங்குனியிலிருந்து ஆடி வரை. உங்கள் கோடை விடுமுறை அதற்குள் வந்துவிடுகிறது. இரண்டு வாரம் பாரதக் கூத்து நடக்கிற ஊரில் மாணவர்கள் தங்கி, பதிவு செய்து, ஒரு வாத்தியத்தின் முதல் பாடத்தையாவது வாங்கி வரட்டும். அதற்கு கிரெடிட் கொடுங்கள். கூத்து வாத்தியாருக்கு முனைவர் பட்டம் இல்லை என்று சொல்லாமல், வருகைப் பேராசிரியருக்குக் கொடுக்கிற மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள். சால்வையோடு அனுப்பிவிடாதீர்கள். சால்வை அவர்களிடம் நிறைய இருக்கிறது.

இசையில் வேலை எங்கே என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், அரசுப் பள்ளி இசை ஆசிரியர் வேலையை நம்பி ஒரு பிள்ளையை அனுப்பக் கூடாது. அதற்கு அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்துகிற இசைத் தொழில்நுட்பத் தேர்வு, லோயர், ஹையர் என்பார்கள், அது வேண்டும். தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ் வேண்டும். உங்கள் கீபோர்டுச் சான்றிதழ் அந்த வரிசையில் வரவே வராது என்பதைச் சேரும் அன்றே சொல்லிவிட வேண்டும். 2012இல் இசை, ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் ரூ.5,000க்கு எடுத்தார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டு வருஷக்கணக்கில் சென்னையில் உட்கார்ந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

ஆனால் ஒரு வேலை நம் கண் முன்னால் கிடக்கிறது, யாரும் அதைப் படிப்பாகவே நினைப்பதில்லை. சவுண்ட் சர்வீஸ். திருவிழா, கல்யாண மண்டபம், கட்சிக் கூட்டம், கன்வென்ஷன், கூத்து, எல்லாவற்றுக்கும் மிக்ஸர் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மைக் கூவாமல் பார்த்துக்கொள்வது, பம்பைக்கு மைக்கை எங்கே வைப்பது, ஆர்மோனியத்தை மிருதங்கம் விழுங்காமல் எப்படி மட்டம் வைப்பது, இதெல்லாம் தட்டுத் தடுமாறி அண்ணன்மாரிடம் திட்டு வாங்கிக் கற்றது. இயற்பியல் துறை ஒலியியல் நடத்துகிறது. பக்கத்து அறையில் இசைச் சான்றிதழ் வகுப்பு நடக்கிறது. நடுவில் ஒரு சுவர். அதை உடைத்து ஒலிப்பதிவு, மேடை ஒலியமைப்பு என்று ஒரு வருஷப் படிப்பு வையுங்கள். பெண்கள் இதில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. உங்களில் பல கல்லூரிகள் பெண்கள் கல்லூரிகள்.

மூன்றாவதைச் சீக்கிரம் முடிக்கிறேன். சோஷியல் மீடியாவைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது ஒரு விதத்தில் வேடிக்கை. ரீல் எப்படி எடுப்பது என்று முப்பது மணி நேரம் பாடம் எடுக்கிற ஆசிரியருக்கு முதல் பெஞ்சுப் பெண் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டும். ஒரு கல்லூரியில் இன்டர்னல் மார்க்கே கல்லூரிப் பக்கத்தை எத்தனை பேருக்குப் பகிர்ந்தாய் என்பதை வைத்துத்தானாம். அது படிப்பு இல்லை. கட்டணம் கட்டிச் சேர்ந்த பிள்ளையை வைத்து அட்மிஷன் விளம்பரம் ஓட்டுவது.

அவர்களுக்குத் தெரியாதது வேறு. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூபின் கன்டென்ட் ஐடி பிடித்து, விளம்பர வருமானத்தைப் பாட்டின் உரிமைக்காரருக்குத் திருப்பிவிடும் என்பது தெரியாது. விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர், அதோடு பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை, அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வை வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியும். அதைத் தாண்டினாலும் மாதச் செலவுக்குக் காணாது என்பது யாருக்கும் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒரு கிரீமைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று போட வேண்டும் என 2021 முதல் விளம்பரத் தரக் கவுன்சில் விதி வைத்திருப்பது தெரியாது. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போன பிள்ளை வார்டில் நின்று ரீல் எடுக்கிறது, பின்னால் ஒரு நோயாளியின் முகமும் கட்டிலில் மாட்டிய சார்ட்டும் தெரிகிறது. எங்கள் அலுவலகங்களில் நோயாளி விவரங்களின் ரகசியம் காக்கிற அமெரிக்காவின் ஹிப்பா சட்டத்துக்குப் பயந்து மொபைலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நம் ஊரிலும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. மெடிக்கல் கோடிங் வகுப்புக்கும் சோஷியல் மீடியா வகுப்புக்கும் பொதுவாக ஒரு பாடம் வைக்க வேண்டும் என்றால் அது இதுதான். டெலிகிராமில் 'லைக் போட்டால் காசு' என்று பணம் பறிக்கிறவன், படத்தை மார்ஃபிங் செய்து மிரட்டுகிறவன், இவர்களிடம் மாட்டினால் முதல் மணி நேரத்தில் என்ன செய்வது, சைபர் குற்ற உதவி எண் 1930க்கு எப்போது கூப்பிடுவது, ஆதாரத்தை அழிக்காமல் எப்படி வைப்பது என்பதும் அந்தப் பாடத்தில் இருக்கட்டும்.

வேலை என்று பார்த்தால் அது லாங்கு பஜாரிலேயே இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர், நாட்டு மருந்துக் கடைக்காரர் எல்லோரும் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள். ஆரணிப் பட்டுக்காரருக்குப் புடவையின் நிறம் போட்டோவில் மாறாமல் எடுத்துக்கொடுக்க வேண்டும். மாறினால் புடவை திரும்பி வரும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்ன, சாதாரணக் கத்தரிக்காயிலிருந்து எப்படி அடையாளம் காண்பது என்று பிழையில்லாத தமிழில் நாலு வரி எழுத ஆள் வேண்டும். அந்த நாலு வரியை எழுதப் பி.ஏ. தமிழ் மாணவியைவிடத் தகுதியானவர் யார்? அவளை உட்கார வைத்து ஹேஷ்டேக் பாடம் எடுக்கிறீர்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு கடை, ஒரு விவசாயி என்று பிரித்துக் கொடுத்து, கடைக்காரரே மார்க் போடட்டும்.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் விளம்பரம். சான்றிதழ் படிப்புக்கு வேலை உறுதி என்று போட்டால், போன வருஷம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் வெளித் தேர்வில் பாஸ் செய்தார்கள், எத்தனை பேர் எந்த வேலையில் சேர்ந்தார்கள் என்று அதே ஃபிளக்ஸில் போடுங்கள். பூஜ்யம் என்றால் பூஜ்யம். நடத்தப் போகிறவர் பெயரையும், அவர் அந்தத் தொழிலில் எத்தனை வருஷம் இருந்தார் என்பதையும் எழுதுங்கள். கட்டணத்தைப் படிப்பின் பெயரிலேயே ரசீது போடுங்கள், 'இதர' வேண்டாம். இரண்டு வாரத்துக்குள் விலகினால் பணம் திரும்பக் கிடைக்கட்டும்.

பல்கலைக்கழகப் பெரியவர்களிடம் ஒன்று. பட்டப்படிப்பின் பகுதி நான்கில் விருப்பப்பாடம், திறன் பாடம் என்று ஏற்கெனவே இடம் இருக்கிறது. தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்திலும் திறன் படிப்புகள் செமஸ்டருக்குள்ளேயே வருகின்றன. தனிச் சான்றிதழ், தனிக் கட்டணம் என்று வெளியே நிறுத்தாமல், கோடிங்கை உடற்கூறு, விதிகள், பயிற்சி என்று மூன்று செமஸ்டருக்கு நீட்டி உள்ளேயே கொண்டுவாருங்கள். விலங்கியல் மாணவிக்கு அது தன் பாடத்தோடு ஒட்டும். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக ஏஜென்ஸி பிடிப்பதற்குப் பதில், பக்கத்துப் பக்கத்துக் கல்லூரிகள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு நல்ல பயிற்றுநரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம், நடப்பு வருஷப் புத்தகத்தையும் பகிர்ந்துகொள்ளலாம்.

நேரம் இன்னொரு சிக்கல். இந்த வகுப்புகளை நாலரை மணிக்கு மேல் வைக்கிறீர்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேரணாம்பட்டுப் பக்கம் போகிற பெண்கள் ஐந்தேகாலுக்கெல்லாம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இலவச டவுன் பஸ் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கும், ஆள் பஸ் ஸ்டாண்டில் இருக்கும். காலை வேளையிலோ சனிக்கிழமையிலோ வையுங்கள்.

சனிக்கிழமை என்றதும் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம் இந்த மூன்று ஊரில் எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமை காலையில் வந்து கோடிங் வகுப்பு எடுக்கிறேன். பணம் வேண்டாம். கம்பெனி சார்ட்டுகளைக் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. ஆனால் மேலே காட்டியது மாதிரி நானே எழுதிய பயிற்சிச் சார்ட்டுகள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன், விடையும் விளக்கமும் சேர்த்து. என்னோடு வேலை பார்க்கிற இரண்டு மூன்று பேரும் வரத் தயார். உங்கள் பக்கத்திலிருந்து வேண்டியது இரண்டுதான்: ஒரு வகுப்புக்கு இருபத்தைந்து பேருக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், அந்தக் கண்ணாடி அலமாரியில் இந்த வருஷப் பதிப்பை வாங்கி வைத்துவிட்டு, சாவியை நூலகர் மேஜை மேலேயே வையுங்கள்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்